பனை ஓலையில் தொடங்கிய சனிக்கிழமை வகுப்பு

கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியை நான். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 14 பேரைச் சேர்த்துக்கொண்டு ஜனவரியில் இருந்து சனிக்கிழமை காலைகளில் ஒரு கைவேலை வகுப்பு நடத்திவருகிறேன். பத்து மணிக்குத் தொடங்கினால் பன்னிரண்டரை ஆகும், சில நாள் சாப்பாட்டு நேரம் தாண்டியும் போகும். என்ன செய்தோம், எது தேறியது, எது கெட்டுப்போனது என்று ஒரு நோட்டில் குறித்துவைத்திருந்தேன், அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். இதே வேலையில் இறங்க நினைக்கும் இன்னொரு ஆசிரியருக்கோ, வீட்டில் பிள்ளைகளோடு செய்து பார்க்க ஆசைப்படும் அம்மா அப்பாவுக்கோ, நான் வீணாக்கிய வாரங்கள் மிச்சமாகட்டும்.

இது எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்து தெரியும். 2022-இல் எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டம் வந்த பிறகு ஒன்று முதல் மூன்று வகுப்புகளில் பாட்டு, அட்டை, விளையாட்டு என்றுதான் பாடம் போகிறது, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பயிற்சி கொடுக்கிறோம், எழுத்துக் கூட்டி வாசிப்பது முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது. தடுக்குவது அதற்கு அப்புறம்தான். "உனக்குத் தெரிஞ்சதை நாலு வரி எழுது மக்களே" என்றால் பென்சிலைக் கடித்துக்கொண்டு பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்க்கும்.

போன வருஷம் ஒரு கம்பெனி விற்ற கைவேலைப் பெட்டி வாங்கிச் செய்து பார்த்தோம். எல்லாம் வெட்டித் தயாராக இருந்தது, எண் பார்த்து ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. அரை மணி நேரத்தில் 14 கிளிகள், ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லை. சுவரில் ஒட்டினால் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கிளியைப் பற்றி எழுதச் சொன்னேன், "கிளி பச்சை நிறம். கிளி பழம் தின்னும்" என்று எல்லா நோட்டிலும் அதே இரண்டு வரி. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, அந்தக் கிளியோடு அவர்களுக்கு எதுவும் நடக்கவில்லையே, எதை எழுதுவது? அன்றைக்குச் சாயங்காலம் அதே வகுப்புப் பெண் குழந்தை ஒருத்தி, தாத்தா பனையில் ஏறிப் பாளையை எப்படி இடுக்குவார், எப்படிச் சீவுவார், கலயத்துக்குள் எதற்குச் சுண்ணாம்பு தடவுவார் என்று பள்ளிக்கூட வாசலில் நின்று எனக்கு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவளுடைய நோட்டில் எங்கேயும் கிடையாது. அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் இந்த வகுப்பு எனக்குப் பிடிபட்டது. பாடம் முடிந்த பிறகு அழகுக்கு ஒட்டுகிற கைவேலை வேண்டாம், எழுதாவிட்டால் வேலையே நகராது என்கிற கைவேலை வேண்டும், பொருளும் அவர்கள் கைக்கும் வாய்க்கும் பழகினதாக இருக்க வேண்டும். எங்கள் பக்கம் அப்படி ஒரு பொருள் என்றால் பனைதான்.

முதல் சனிக்கிழமை எதையும் செய்யவில்லை. தரையில் ஒரு பழைய சேலையை விரித்து, பனையில் இருந்து வருகிற சாமான்களில் கைக்குக் கிடைத்த எல்லாவற்றையும் பரப்பினேன். பச்சை ஓலை, காய்ந்த ஓலை, குருத்தோலை, ஈர்க்கு, மட்டை, பன்னாடை, பாளை, ஒரு பழைய கடவம் (பெரிய ஓலைக்கூடை), திங்கள்சந்தையில் வாங்கின ஓலைப்பெட்டி, ஒரு வட்டு கருப்பட்டி. கருப்பட்டி சீக்கிரம் தீர்ந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டில் என்ன பெயர் என்று கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே பலகையில் எழுதினேன். ஈர்க்கு என்று ஒருத்தி சொன்னால் இல்லை, ஈர்க்கில் என்று இன்னொருவன். அக்கானி என்று ஒரு பையன் சொல்லிவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு "பதநீர்" என்று திருத்தினான், ஏனென்றால் முன்பெல்லாம் நோட்டில் அக்கானி என்று எழுதினால் நானே சிவப்பு மையில் அடித்திருக்கிறேன். அன்றைக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். அரை மணி நேரத்தில் 31 சொற்கள் சேர்ந்துவிட்டன, அதில் ஒன்றுக்குக்கூட நான் பொருள் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் ஆளுக்கு இரண்டு துண்டு அட்டை கொடுத்து, பிடித்த சாமானுக்குப் பெயர் எழுதிக் கட்டிவிடச் சொன்னேன். வேலை இங்கேதான் தொடங்கியது. ஈர்க்கில் என்பதைப் பேச்சில் "ஈக்கில்" என்றுதான் சொல்வோம், அதனால் ஏழெட்டுப் பேர் "ஈக்கில்" என்றே எழுதியிருந்தார்கள். தப்பு என்று சொல்லாமல், ஈர்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாக "ஈர்... க்கில்" என்று சொல்லச் சொன்னேன். ரகர ஒற்று எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். வகுப்பில் வழக்கமான சொல்வதெழுதுதலாக (டிக்டேஷன் என்றுதான் நாங்களும் சொல்வோம்) இதே சொல்லைக் கொடுத்திருந்தால் பத்துப் பேராவது திணறியிருப்பார்கள்.

அடுத்த மூன்று வாரம் மணல் எழுத்து. இதில் நிறையக் கெடுத்தேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். மரியா மாண்டிசோரியின் முறையில் உப்புத்தாளில் எழுத்து வெட்டி அட்டையில் ஒட்டி, பிள்ளைகள் அதை விரலால் தடவி வடிவத்தைப் பழகுவார்கள். அதையே செய்வோம் என்று கடையில் உப்புத்தாள் வாங்கிவந்து, வரைய வசதியாக இருக்கிறதே என்று பின்பக்கத்தில் வரைந்து வெட்டினேன். திருப்பிப் பார்த்தால் எல்லா எழுத்தும் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறிவிட்டது. பத்து எழுத்து வீண். பின்பக்கம் வரைவதானால் முதலில் மெல்லிய தாளில் எழுதி அந்தத் தாளைக் கவிழ்த்துப் படியெடுக்க வேண்டும். தாளும் ரொம்பச் சொரசொரப்பு, 60-ஆம் நம்பர், சின்னப் பிள்ளைகளுக்கு விரல் நுனி சிவந்துவிட்டது. 120-க்கு மேல் வாங்குங்கள். இன்னொன்று, உப்புத்தாளை வெட்டினால் கத்தரிக்கோல் மொண்ணையாகிவிடும், நல்ல கத்தரியை எடுக்காதீர்கள்.

இரண்டாவது முறை முழுக்கவே மாற்றிக்கொண்டேன். நான் வெட்டித் தருகிற எழுத்தை அவர்கள் தடவுவதைவிட, எழுத்தை அவர்கள் கையே போடட்டும் என்று. மரச்சீனி (மரவள்ளி) மாவில் பசை காய்ச்சினோம். ஒரு டம்ளர் தண்ணீருக்கு மூன்று தேக்கரண்டி மாவு, பச்சைத் தண்ணீரிலேயே கட்டியில்லாமல் கரைத்துவிட்டுத்தான் அடுப்பில் வைக்க வேண்டும், கொதிக்கிற தண்ணீரில் மாவைப் போட்டால் கட்டி கட்டியாக நிற்கும், அதையும் ஒரு முறை செய்து பார்த்தாயிற்று. கைவிடாமல் கிளறினால் வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி ஆகும், இறக்கிவிடலாம். இந்தப் பசையைப் பால் கவரில் மருதாணிக் கோன்போலச் சுற்றி நிரப்பி, முனையைக் கொஞ்சம் வெட்டி, அட்டையில் எழுத்தைப் பிழிந்து, ஈரம் காயும் முன் மணலைத் தூவி, மிச்ச மணலைத் தட்டிவிட வேண்டும். வெறும் மரச்சீனிப் பசையில் மணல் இரண்டு நாளில் உதிர்ந்துவிட்டது. பாதிக்குப் பாதி ஃபெவிகால் கலந்த பிறகு இன்றுவரை உதிரவில்லை. கோனைப் பிழிந்துகொண்டே கையை நகர்த்தும்போது நிறுத்தினால் அந்த இடத்தில் பசை குமிழ் கட்டும், அதனால் எழுத்தை எங்கே தொடங்கி எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று முன்கூட்டியே யோசிக்காமல் முடியாது. ழகரத்தைக் கீழிருந்து மேலே இழுத்து எழுதும் பழக்கம் இரண்டு பிள்ளைகளுக்கு இந்தக் கோனால்தான் மாறியது.

மணல் பற்றி ஒரு வார்த்தை. மணவாளக்குறிச்சிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்த பையன் ஒருவன் ஒரு பாட்டில் நிறைய மினுமினுக்கும் கறுப்பு மணல் கொண்டுவந்தான். ரொம்ப அழகு. ஆனால் அந்தக் கரையோர மணலில் இல்மனைட், கார்னெட்டோடு மோனசைட்டும் உண்டு, மோனசைட்டில் தோரியம் உண்டு, கதிரியக்கம் உள்ள பொருள். பிள்ளைகள் வாரக்கணக்கில் விரலால் தடவப்போகிற அட்டைக்கு அது வேண்டாம் என்று அவனுக்குப் புரியும்படி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். வீடு கட்டும் இடத்தில் மிஞ்சியிருந்த ஆற்று மணலைக் கேட்டு வாங்கி, சலித்து, கழுவி, காயவைத்து எடுத்துக்கொண்டோம்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை நான் ஒன்றும் திட்டம் போடவே தேவைப்படவில்லை. சர்ச்சுக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஓலைச் சிலுவை பின்னத் தெரியும், கோயில் கொடைக்குத் தோரணம் கட்டுகிற வீட்டுப் பிள்ளைகளுக்குத் தோரணம் மடிக்கத் தெரியும், இவன் அவனுக்கும் அவன் இவனுக்குமாகக் கற்றுக்கொடுத்தார்கள். அன்றைக்கு நான் கவனித்தது நான்காம் வகுப்புப் பையன் ஒருவனை. வாசிப்பில் மிகவும் பின்தங்கியவன், புத்தகத்தைத் திறந்தாலே முகம் மாறிவிடும். அவன் கை போட்ட வேகத்தில் சிலுவை, மீன், வெட்டுக்கிளி என்று வந்துகொண்டே இருந்தது, எல்லோரும் அவனைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். "எல்லாருக்கும் ஒவ்வொண்ணா சொல்லிக் கொடுக்க நேரம் இல்ல, மீன் பின்றதை எழுதி ஒட்டிடுவோமா?" என்று கேட்டேன். எழுத மாட்டேன் என்றான். சரி, நீ சொல்லு, அவள் எழுதட்டும் என்று, பாளை சீவுவதைப் பற்றிச் சொன்னாளே அந்தப் பெண் குழந்தையை உட்கார வைத்தேன்.

எழுதி முடித்ததும் அவன் செய்த காரியம் நான் எதிர்பார்க்காதது. தாளை வாங்கிக்கொண்டு விரலை வைத்து வரி வரியாகப் போனான். அவள் சரியாக எழுதியிருக்கிறாளா என்று பார்க்கிறான். "இதுல நான் சொன்ன 'உள்ளே விடு' எங்க?" என்று கேட்டான். உண்மையிலேயே அவள் அதை விட்டிருந்தாள். தான் சொன்ன சொல் தாளில் இருக்கிறதா என்று தேடும்போது அவனுக்கு வாசிக்கக் காரணம் கிடைத்துவிட்டது, அதில் என்ன இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்ததால் எழுத்தும் பாதி பிடிகொடுத்தது. அன்றையில் இருந்து இந்த முறையை விடவில்லை. எழுதத் தடுமாறும் பிள்ளை செய்து காட்டிச் சொல்லும், எழுத வருகிற பிள்ளை எழுதும், சொன்ன பிள்ளை சரிபார்க்கும்.

செய்முறை எழுதுவது அப்படியே ஒரு விளையாட்டாகிவிட்டது. விடுமுறைக்கு முன் நுங்கு வண்டி செய்தோம். தின்று முடித்த நுங்குக் காய் இரண்டு, நடுவில் குத்த ஒரு முழக் குச்சி, தள்ளுவதற்கு ஒரு கவட்டைக் கம்பு. செய்யத் தெரியாத பிள்ளை அதில் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒருவர் எழுத வேண்டும், இன்னொருவர் எழுதினதை மட்டும் செய்ய வேண்டும், எழுதாததைச் செய்யக் கூடாது என்று விதி வைத்தேன். முதலில் வந்த தாள், வகுப்பிலேயே அழகான கையெழுத்துக்காரியுடையது. "இரண்டு நுங்கு எடு. குச்சியைக் குத்து. கம்பை வைத்துத் தள்ளு." செய்ய வந்த பையன் ஒரு காயில் மட்டும் குச்சியைக் கண் வழியாகக் குத்தி, கம்பை அதன் மேல் வைத்து, தள்ளிக்காட்டினான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, "இப்பிடி இல்ல, ரெண்டையும் சேத்துக் குத்தணும், நடுவுல இடம் விடணும்!" என்றாள். "அது தாள்ல இல்லியே" என்றான் அவன்.

திரும்ப உட்கார்ந்து எழுதினாள். மூன்று முறை எழுதினாள், நான் ஒரு தடவைகூடத் திருத்தவில்லை, வண்டிதான் திருத்தியது. மூன்றாவது தாளில் "குச்சியின் ஒரு முனையில் முதல் காயையும் மறு முனையில் இரண்டாம் காயையும் குத்து. நடுவே ஒரு சாண் இடம் விடு. கவட்டைக் கம்பின் கவட்டை அந்த இடத்தில் குச்சியின் மேல் உட்காரும்படி பிடி" என்று இருந்தது. ஐந்தாம் வகுப்புப் பாடத்தில் முதல், இரண்டாம், மறு, நடுவே, மேல் என்ற சொற்களை எத்தனை பயிற்சித்தாளில் கொடுத்திருப்பேன், அவற்றைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்தியது அந்த ஒரு நாள்தான். இதைச் செய்து பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், எழுதினவர் பக்கத்தில் நின்று வாயால் சொல்லிக்கொடுக்க விடாதீர்கள், வாயால் சொன்னால் தாளுக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

ஜூனில் பள்ளி திறந்ததும் பெட்டி முடைய ஆசைப்பட்டார்கள். எனக்குத் தெரியாது. ஒரு பிள்ளையின் பாட்டி வந்தார், வயது 72, கடவமும் பெட்டியும் முடைந்தே குடும்பத்தைக் கரையேற்றியவர். ஓலையை ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வகிர்ந்து, அரை மணி தண்ணீரில் ஊறவைத்துவிட்டுத்தான் கையிலேயே எடுத்தார். நான் முந்தின வாரம் பச்சை ஓலையில் முயன்று, காய்ந்த பிறகு இடுக்கெல்லாம் விரிந்து சல்லடை மாதிரி ஆகியிருந்த பெட்டியைக் காட்டினேன். "பச்சைல முடையப்பிடாது மக்களே, காஞ்சா சுருங்கிப்போவும். காயப்போட்டு, பொறவு நனைக்கணும். இன்னா பாரு, இப்பிடி" என்றார். அவ்வளவுதான் விளக்கம், மிச்சமெல்லாம் கைதான் சொன்னது.

முடிந்ததும் பிள்ளைகள் வழக்கம்போலப் பெயரட்டை எழுதச் சொல்லிப் பாட்டியிடமே கொடுத்துவிட்டார்கள். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. யோசித்து யோசித்து "பனை ஓலை" என்று எழுதினார். அட்டையைப் பார்த்த பிள்ளைகளுக்குக் குழப்பம். னகரத்துக்கும் லகரத்துக்கும் முன்னால் இணைக்கொம்பு இல்லை, எழுத்தின் மேலேயே யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு.

"இது என்ன எழுத்து டீச்சர்? புஸ்தகத்துல இப்பிடி இல்லியே."

பாட்டி சங்கடப்பட்டு அட்டையைத் திரும்ப வாங்கப் பார்த்தார். நான் விடவில்லை. இதுவும் சரியான எழுத்துதான், பாட்டி படித்த காலத்தில் எல்லோருமே இப்படித்தான் எழுதினார்கள் என்று சொன்னேன். பெரியார் தன்னுடைய பத்திரிகையில் 1935-லேயே புது வடிவங்களைக் கையாளத் தொடங்கினார், தமிழ்நாடு அரசு 1978-இல் அதை ஏற்று ஆணை போட்டது, ணை, லை, ளை, னை, ணா, றா, னா என்று மொத்தம் 13 எழுத்துகளுக்கு வடிவம் மாறியது. பனை, ஓலை இரண்டு சொல்லிலுமே அப்படி மாறின எழுத்து இருப்பது அன்றைக்குத்தான் என் கண்ணிலும் பட்டது. பிள்ளைகள் பாட்டியை விடவில்லை. என் பேரை எழுதுங்க, யானைன்னு எழுதுங்க, வீட்டுலன்னு எழுதுங்க என்று அரை மணி நேரம். வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டிகளிடம் எழுதி வாங்கி வந்த தாள்கள் இப்போதும் என்னிடம் இருக்கின்றன. சில தாள்களில் எழுத்து நடுங்கியிருக்கிறது, எழுதிப் பல வருஷம் ஆகியிருக்கும்.

முடைவதில் இன்னொன்றும் முளைத்தது, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ட, ப, ம மூன்றையும் கட்டம் நிரப்பி வரைந்துகொண்டு, சாயம் தோய்த்த ஓலைத் துண்டுகளை அதே கணக்கில் ஒரு சின்னப் பாயின் மேல் சொருகினோம். நேர்கோட்டு எழுத்தாக இருப்பதால் "படம்" அழகாக வந்தது. ஒரு பெண் "அம்மா" வேண்டும் என்று அகரத்தோடு மல்லுக்கட்டினாள். இரண்டு வாரம் வீட்டிலும் வைத்துப் போராடி, சுழியைச் சதுரமாக்கி ஒரு புது அகரம் கண்டுபிடித்தாள், யார் பார்த்தாலும் அ என்று வாசித்துவிடலாம். எழுத்தில் எதை மாற்றினாலும் எழுத்து எழுத்தாகவே இருக்கும், எதை மாற்றினால் கெட்டுவிடும் என்று அந்தக் குழந்தைக்கு இப்போது என்னைவிட நன்றாகத் தெரியும்.

அப்புறம் வந்ததுதான் நான் அதிகம் சொல்ல விரும்புகிற பகுதி, ஓலையில் எழுதுவது.

சும்மா பச்சை ஓலையில் ஆணியால் கீறிப் பார்த்தோம், ஒரே நாளில் சுருண்டுவிட்டது. காய்ந்த ஓலையில் கீறினால் நொறுங்கியது. பக்குவம் செய்யாமல் முடியாது என்று ஆனது. ரொம்ப முற்றாத, குருத்தும் இல்லாத நடுத்தர ஓலையாக எடுத்து, ஈர்க்கு நீக்கி, மஞ்சள்தூள் போட்ட தண்ணீரில் அரை மணி நேரம் அவித்து, நிழலில் நான்கு நாள் உலர்த்தி, அடுக்கிக் கயிறு கட்டி மேலே அம்மிக்கல்லை ஏற்றி வைத்தேன். ஒரு வாரத்தில் தட்டையாக, வளைத்தால் ஒடியாத ஏடு கிடைத்தது. அதை வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலை பிள்ளைகளுக்கு. எழுத்தாணிக்கு இரண்டு அங்குல ஆணியை மூங்கில் துண்டில் இறுக்கினோம். கூரான ஆணி ஓலையைக் கிழித்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும், அதனால் முனையை உப்புத்தாளில் உரசி லேசாக மழுக்க வேண்டும், எழுத்து ஓலையின் மேல்தோலில் மட்டும் பள்ளமாக விழ வேண்டும். ஒரு மேசைக்கு ஒரு பெரியவர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள், நான் இரண்டு அம்மாக்களைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தேன்.

எழுதும்போது ஒன்றும் தெரியாது. நிறமில்லாத கீறல்தான். "டீச்சர், ஒண்ணும் விழல" என்று எல்லோரும். சிரட்டைக் கரியைப் பொடித்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்து வைத்திருந்தேன். ஒரு பிள்ளையின் ஓலையை வாங்கி அதன் மேல் பூசினேன், ஓலை முழுக்க அட்டைக் கறுப்பு. பிள்ளையின் முகம் வாடிப்போனது, பாழாக்கிவிட்டேன் என்றே நினைத்துவிட்டது. பழைய துணியால் ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்ததும் கறுப்பெல்லாம் துணியோடு வந்துவிட, கீறலுக்குள் இறங்கின கரி மட்டும் நின்று "ஓலை" என்று பளிச்சென்று தெரிந்தது. பத்து விநாடி ஒருவரும் பேசவில்லை. அப்புறம் பேச்சு நிற்கவில்லை.

எழுத எழுதத்தான் ஓலையின் குணம் தெரிந்தது. நார் நீளவாக்கில் ஓடுகிறது. ஓ, ல மாதிரி சுற்றி வருகிற எழுத்து சுகமாக விழுகிறது. டகரத்தின் அடிக்கோட்டை அழுத்தி இழுத்தால் ஓலை நார் வழியாகவே பிளந்துகொள்கிறது. நம் எழுத்துகளில் இவ்வளவு வளைவு இருப்பதற்கு ஓலையையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். என் பிள்ளைகளுக்கு அதை நான் சொல்வதற்கு முன்பே ஓலை சொல்லிவிட்டது, நான்கு பேருடைய ஓலை டகரத்தில் பிளந்திருந்தது.

அடுத்தது புள்ளி. ஆணியால் புள்ளி குத்தினால் ஓட்டை விழுகிறது. "அப்போ முந்தி எப்பிடி டீச்சர் புள்ளி வச்சாங்க?" என்று கேட்டார்கள். பெரும்பாலும் வைக்கவே இல்லை என்றேன். பழைய சுவடிகள் பலவற்றில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, எகரம் ஏகாரத்துக்கும் ஒகரம் ஓகாரத்துக்கும்கூட வித்தியாசம் தெரியாது, நாம் இன்று எழுதுகிற ஏகார ஓகார வடிவங்கள் 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த மாற்றம். வாசிப்பவரே இடம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

நம்பவே இல்லை. சரி, செய்து பார்ப்போம் என்று பலகையில் "படடம பறககிறது" என்று எழுதினேன். முதலில் உள்ளபடியே "ப, ட, ட, ம" என்று வாசித்தார்கள், பிறகு ஒரு குரல் "பட்டம் பறக்கிறது!" என்று. எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "பறக்கிறதுன்னு வந்துதே, அப்போ பட்டந்தானே" என்றாள். எழுத்துக் கூட்டி வாசிப்பதில் இருந்து பொருள் பார்த்து வாசிப்பதற்கு ஒரு பிள்ளை தாவுவதை இவ்வளவு துல்லியமாக நான் கண்ணால் பார்த்ததில்லை. அந்த வாரம் முழுக்கப் புள்ளியில்லாச் சீட்டு எழுதி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். "எனககுப பசிககிறது" என்று எனக்கே ஒரு சீட்டு வந்தது. புள்ளி எதற்கு இருக்கிறது என்று நான் இனிமேல் பாடம் நடத்த வேண்டியதில்லை.

புத்தகம் தைத்ததைப் பற்றிக் கொஞ்சம். ஒரு பக்கம் அச்சான தாள்களை மடித்து, நடுவில் மூன்று துளை போட்டு, உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே, மேல்துளை வழியாக உள்ளே, அங்கிருந்து நேரே கீழ்த்துளை வழியாக வெளியே, மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே வந்து முடிச்சு. வலை பின்னும் நைலான் நூலைக் கொண்டு தைத்தது நான் செய்த பிழை, வழுக்கி முடிச்செல்லாம் அவிழ்ந்துவிட்டது. பருத்தி நூலை மெழுகுவர்த்தியில் இரண்டு தரம் இழுத்தெடுத்துத் தைத்தால் நிற்கிறது. அட்டைக்குப் பன்னாடையை வெட்டி ஒட்டினோம். உள்ளே நுங்கு வண்டி, மீன், பெட்டி, மணல் எழுத்து என்று அவரவர் செய்முறை, பக்கத்தில் படம். 14 புத்தகம், பள்ளி அலமாரியில் தனித் தட்டில் இருக்கின்றன, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எடுத்துப் பார்த்துச் செய்கிறார்கள், புரியாத இடத்தில் எழுதினவரைத் தேடி வந்து சண்டை போடுகிறார்கள்.

எல்லாம் தேறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஓலை மீன் பின்னுகிற பையன் இன்னும் பாடப்புத்தகத்தில் தடுமாறத்தான் செய்கிறான். தன் புத்தகத்தை வாசிப்பான், கூட்டாளிகளின் செய்முறையை வாசிப்பான், பாடப்புத்தகம் என்றால் கை பின்வாங்கும். அவனுக்கு இன்னும் நிறைய நாள் வேண்டும், வேறு ஆசிரியர்களின் கண்ணும் வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்குக் கைவேலையே பிடிக்கவில்லை, மூலையில் உட்கார்ந்து வாசிப்பதுதான் இஷ்டம், அவர்களை மற்றவர்களின் தாளைச் சரிபார்க்கிற வேலையில் விட்டிருக்கிறேன்.

இந்த மாவட்டத்தில் இரண்டு பருவ மழையும் உண்டு, ஓலைக்கு அது ஆகாது. ஜூலையில் விடாமல் மழை. ஓலை ஏடுகளை அலமாரியில் அடைத்து வைத்துவிட்டேன், இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் ஏழில் சாம்பல் பூஞ்சை. சுவடிகளைக் காக்கப் புல் தைலம் பூசுவார்கள் என்று தெரியும், முன்பே பூசியிருக்க வேண்டும். லேசாகப் பிடித்திருந்தவற்றைத் துடைத்து, நிழலில் ஆற்றி, தைலம் பூசி எடுத்தேன், இனிமேல் துணியில் சுற்றிக் காற்றோட்டமான இடத்தில்தான் வைப்பது. மூன்று ஏடு தேறவே இல்லை, அதில் ஒன்று அந்தப் பையனுடையது.

போன சனிக்கிழமை அதை அவனே திரும்ப எழுத உட்கார்ந்தான். பழைய ஏட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பூஞ்சை தின்ற இடங்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்து நிரப்பிக்கொண்டே வந்தான். "மீன்" என்ற இடத்தில் நின்றான். புள்ளி வைக்க வேண்டும், ஆணியால் குத்தினால் ஓட்டை. கொஞ்ச நேரம் ஓலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குத்தாமல், ஆணியை நிறுத்தி னகரத்தின் மேல் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினான். மிளகைவிடச் சின்னதாக ஒரு வட்டம். கரி பூசித் துடைத்ததும் அது புள்ளியாகவே நின்றது, ஓலை கிழியவில்லை. தலையைத் தூக்காமல் அடுத்த புள்ளிக்கு நகர்ந்தான்.